இடப்பக்கத்துச் சீட்டு

அந்த வண்டியில் ஏறுவதற்கு ஒரு முறை இருந்தது. கதவைத் திறந்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் உட்கார வேண்டும். அப்புறம்தான் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுக்க வேண்டும். காலை முதலில் விட்டால் தலை இடிக்கும். முதல் நாள் எனக்கு இடித்தது. ஓட்டும் இடத்தில் இருந்த அந்தம்மா சிரிக்கவில்லை.

"எறங்கு டீச்சர். மறுபடி ஏறு" என்றார்.

பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இறங்கி, அவர் சொன்ன மாதிரி மறுபடி ஏறினேன்.

"உக்காந்தாச்சா? முதுகு பின்னால ஒட்டுதா?"

ஒட்டுகிறது என்றேன். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினார்.

அப்போது எனக்கு ஜவ்வாது மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. சொந்த ஊர் சந்தவாசல். தினமும் போய்வர முடியாது என்பதால் காவலூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலைப் பேருந்து வந்தால் வரும். வராத நாளில், பைக்கில் போகிற யாராவது மனது வைக்க வேண்டும். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு மார்கழிக் காலையில்தான், பனிக்குள்ளிருந்து, என் இடுப்பு உயரமே இருந்த ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. அதன் விளக்குகள் முகப்பில் பதிந்திருக்காமல், மூடி திறந்த மாதிரி மேலே எழும்பியிருந்தன. மலைப் பிள்ளைகள் அதற்குத் தவளை வண்டி என்று பெயர் வைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

அதில் இரண்டே சீட்டு. பின்சீட்டு என்று ஒன்று கிடையாது. சீட்டுக்குப் பின்னால் எஞ்சின்தான். நம் முதுகுக்கும் பின்சக்கரங்களுக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அதன் சூடு மெதுவாக முதுகில் ஏறும். மார்கழிக் குளிருக்கு அது யாரோ பின்னாலிருந்து போர்த்திவிட்ட மாதிரி இருக்கும். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் நாங்கள் போவோம். பேருந்தில் போகிறபோது நான் பார்த்த மலையே இல்லை அது. பாதையோரத்துப் புல்லின் நுனி கண்ணுக்கு நேராக வரும். சாமைக் கதிர்கள் எங்களைவிட உயரமாக நிற்கும். எதிரில் ஓர் ஆடு நின்றால் அதன் முகமும் என் முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும். வளைவுகளில் மலைதான் திரும்புகிறது, நாங்கள் அசையாமல் இருக்கிறோம் என்று தோன்றும். தூரத்தில் வானாராய்ச்சிக் கூடத்தின் வெள்ளைக் கூரை மரங்களுக்கு மேலே மிதந்து வரும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பனி அதை மூடிவிடும். வேகத்தடை வந்தால் மட்டும் அந்தம்மா வண்டியைக் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக, தூங்கும் குழந்தையைத் தாண்டுகிற மாதிரி தாண்டுவார். பல நாள் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிப்போயிருக்கிறேன்.

அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. ஆம்பூரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கும் மேல் அளவெடுத்துத் தோல் வெட்டுகிற வேலை பார்த்தவர். கணவர் கப்பல் எஞ்சினியர். சிங்கப்பூரில் ஒருவரிடமிருந்து அந்த இத்தாலி வண்டியை வாங்கிக் கப்பலில் கொண்டுவந்தவர் அவர்தான். கொண்டுவந்து மூன்று வருஷம் ஓட்டினார், நான்காவது வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலை ஓய்ந்ததும் அந்தம்மா ஆம்பூர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று வண்டியோடு மலையேறிவிட்டார். எஞ்சினைத் தினமும் எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும் என்பார். அதனால் தினமும் காலையில் ஒரு சுற்று. போகிற வழியில் நடந்து போகிறவர் யாராவது ஒருவரை ஏற்றிக்கொள்வார். ஒருவரைத்தான் ஏற்ற முடியும். அந்த மார்கழிக்குப் பிறகு பெரும்பாலும் அந்த ஒருவர் நான்.

அவர் அதிகம் பேசமாட்டார். ஒரு மனிதரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பார்ப்பார். தேநீர்க் கடையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரை எழுப்பி, அவருக்குக் கீழே கோணிச் சாக்கை நான்காக மடித்து வைத்து, "இப்ப உக்காருங்க" என்றார். பெரியவர் உட்கார்ந்து பார்த்தார். இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

ஒருநாள் என் வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தார்கள். குட்டிக் கால்களெல்லாம் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா டீச்சர், காலு தரையில படலன்னா புள்ள பாடத்தை எங்க வெச்சு கேக்கும்?"

மறுநாள் ஆட்டோவில் பலகைகள் வந்து இறங்கின. ஒவ்வொரு பெஞ்சியின் அடியிலும் கால் வைக்க ஒரு பலகை. தலைமையாசிரியர் அரசாங்கப் பொருளில் கைவைக்கலாமா என்று பயந்தார். "பெஞ்சியைத் தொடலியே சார், தரையிலதான போட்டிருக்கேன்" என்றார் அந்தம்மா. அன்று மதியத்துக்கு மேல் வகுப்பில் கால் ஆட்டும் சத்தமே இல்லை.

எப்போதும் அவர் சொன்னது சரி என்று சொல்ல முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவரை அவரும் பார்த்தார். நாற்காலி நுனியில உக்கார்றான், நிலையா இருக்கமாட்டான், வேணாம் என்றார். நான் அந்த மாப்பிள்ளையையே கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் அவர் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறார். இதுவரை எங்கேயும் போய்விடவில்லை.

நான் வண்டியில் போக ஆரம்பித்து ஒரு வருஷம் இருக்கும். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்த்து வைத்திருப்பவர். இந்த மாதிரி வண்டி நம் நாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் தேடிக்கொண்டு வந்திருந்தார். நல்ல சட்டையோடு மண்ணில் படுத்து, சின்ன டார்ச்சை அடித்து, சீட்டுகளுக்கு அடியில் என்னவோ தேடினார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

"மேடம், ரெண்டு சீட்டுக்கும் அடியில ஒரே நம்பர், சாக்பீஸ்ல எழுதியிருக்கு. செஞ்ச தொழிலாளி கையெழுத்து அது. இந்த வண்டியோட பொறந்த சீட்டுங்க. தோல் மாத்தல, சாயம் பூசல. உலகத்துல எங்க தேடினாலும் இப்படி ஜோடியா கெடைக்காது. சொல்லப்போனா வண்டியோட பாதி மதிப்பு இந்த சீட்டுலதான் இருக்கு."

"அப்படியா?" என்றார் அந்தம்மா.

அவர் சொன்ன விலையில் வேலூரில் மாடி வீடு ஒன்று வாங்கலாம். அந்தம்மா விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். வந்தவர் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நான்தான் மாறிப்போனேன். சாம்பார் சாதம் இருந்த பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே பிடித்துக்கொண்டு போவேன். எண்ணெய்த் தலை படக்கூடாது என்று கழுத்தை முன்னால் நீட்டிக்கொள்வேன். அந்தம்மா ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "முதுகு எங்க?" என்பார்.

என் பள்ளிப் பதிவேட்டில் மஞ்சுளா என்று ஒரு பெண் இருந்தாள். ஆறு வயது. பள்ளிக்கு வந்ததே இல்லை. வரமுடியாது. பிறந்ததிலிருந்தே உடம்பு அவள் சொல் கேட்காது. வலது கை மட்டும் கொஞ்சம் கேட்கும். வாரம் ஒருநாள் நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் பாயில் படுத்திருப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து படப் புத்தகத்தை அவள் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். கை வலிக்கும்வரை பாடம். கை வலித்ததும் அவள் மறுபடி கூரையைப் பார்ப்பாள். ஒரு முகாமில் கொடுத்த சக்கர நாற்காலி அவர்களிடம் இருந்தது. அது பெரியவர்கள் உட்காருவது. அதில் வைத்தால் மஞ்சுளா சரிந்து கீழே வழிந்துவிடுவாள். அதன்மேல் சாமை மூட்டை வைத்திருந்தார்கள்.

ஒருநாள் வண்டியில் போகும்போது பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு எப்படி உக்காரும்?" என்றார் அந்தம்மா.

"உக்காராதும்மா. படுத்தேதான் இருக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

வண்டியை ஓரமாக நிறுத்தினார். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்தது. வெகுநேரம் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை இருவரும் மஞ்சுளாவைப் பார்க்கப் போனோம். வண்டி போகும் பாதை ஒரு சின்னப் பாலத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதை. மஞ்சுளாவின் அம்மா மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலம்வரை இறங்கி வந்தாள். தவளை வண்டியைப் பக்கத்தில் பார்க்கவேண்டும் என்று மஞ்சுளாவுக்கும் ஆசையாக இருந்திருக்க வேண்டும். அந்தம்மா விளக்குகளை எழுப்பிக் காட்டினார், மூடிக் காட்டினார். பிறகு இடப்பக்கத்துக் கதவைத் திறந்து, "இங்க வை" என்றார்.

"வேணாம்மா, விழுந்துடும்" என்றாள் மஞ்சுளாவின் அம்மா.

"வை. நான் பாத்துக்கறேன்."

அந்தச் சீட்டு தட்டையானதில்லை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆள் சரியாமல் இருக்க, இரண்டு பக்கமும் தோலைப் புடைக்க வைத்து, கிண்ணம் மாதிரி செய்திருந்தார்கள். பின்னால் நன்றாகச் சாய்ந்திருக்கும். மஞ்சுளா அதற்குள் இறங்கினாள். அந்தம்மா இடது பக்கம் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார். பிறகு கையை எடுத்தார்.

மஞ்சுளா சரியவில்லை. தலை பின்னால் சாய்ந்து நின்றது. கண்ணாடிக்கு வெளியே இருந்ததையெல்லாம் பார்த்தாள். பாலம், புளியமரம், நான். அப்புறம் பக்கத்தில் குந்தியிருந்த அம்மாவைப் பார்த்தாள். இரண்டு முகங்களும் நேருக்கு நேராக இருந்தன. மஞ்சுளாவின் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து, வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

அந்தம்மா பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். இடுப்பு, தொடை, முதுகு என்று ஒவ்வொன்றாக அளந்து, பழுப்புக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். சிவப்பு வண்டி வந்தது. கதவைத் திறந்தேன். இடப்பக்கம் வெறும் தகரமும் நான்கு போல்ட்டு ஓட்டைகளும்தான் இருந்தன.

"பஸ்ல போயிடு டீச்சர். சீட்டு மேல போயிடுச்சு" என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. ஒரு வருஷம் என் முதுகு பழகிய இடம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று இருந்தது. யாருடைய சீட்டு, யாரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போதுதான் உறைத்தது. பத்து நாள் கழித்து வண்டி மறுபடி என் முன்னால் நின்றது. தகரத்தின்மேல் ஒரு பலகை, அதன்மேல் பஞ்சுத் தலையணை. "கோவம் போயிடுச்சின்னா ஏறு" என்றார். ஏறினேன். முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை எடுத்து.

மஞ்சுளாவின் வீட்டில் அந்தச் சீட்டு ஒரு மரச்சட்டத்தின்மேல் நின்றது. வண்டியில் இருந்த அதே சாய்வு. பகலில் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் இப்போது புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்கவேண்டியதில்லை. குறுக்கே ஒரு பலகை போட்டு, அதில் வைத்துவிடுவேன். வலது கையால் அவளே பக்கத்தைத் தள்ளுவாள். அந்த வருஷ முடிவில் அவளுக்கு எழுத்துகள் தெரிந்துவிட்டன. வாய் உச்சரிக்காது. எந்த எழுத்தைக் கேட்டாலும் விரல் சரியாகப் போய் நிற்கும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு காலையில் பள்ளிக்கு முன்னால் வண்டியை நிறுத்திய அந்தம்மாவால் வெளியே வரமுடியவில்லை. முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. நானும் சத்துணவு அக்காவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். வண்டியின் கூரைமேல் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே நின்றார்.

"உள்ள போறது சுலபமாத்தான் இருக்கு" என்றார்.

அன்றே சென்னைக்காரருக்குத் தொலைபேசியில் பேசினார். வண்டியைக் கொடுக்கிறேன், ஒரு சீட்டு மட்டும் மேலே இருக்கிறது என்றார். சென்னைக்காரர், மாடியில் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தார். மேலே என்றால் மலைக்கு மேலே என்று தெரிந்ததும் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

நல்ல மனிதர்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடம், அந்தக் குழந்தைக்கு இதுக்குன்னே செஞ்ச சேர் வெளிநாட்டுலருந்து வரவழைச்சுத் தர்றேன். இந்த சீட்டைவிட நல்லா இருக்கும். சீட்டு மட்டும் வண்டிக்குத் திரும்பட்டும். இல்லன்னா நான் சொன்ன விலையில பாதிகூடத் தரமுடியாது" என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்தம்மா முகத்தைப் பார்த்தேன். அவர், "போய்ப் பாருங்க. பாத்துட்டு சொல்லுங்க" என்றார்.

அவரால் பாதையில் ஏறமுடியாது. பாலத்தருகே கல்லில் உட்கார்ந்துகொண்டார். நானும் சென்னைக்காரரும் ஏறினோம். மஞ்சுளா மரத்தடியில் சீட்டில் இருந்தாள். அவள் அம்மா பக்கத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். சென்னைக்காரர் மண்டியிட்டு, டார்ச்சை எடுத்து அடியில் பார்த்தார். சாக்பீஸ் எண் இருந்தது. பிறகு டார்ச் பக்கவாட்டில் ஏறியது. அங்கே நின்றுவிட்டது.

இரண்டு பக்கத்திலும் தோலை நீளமாக வெட்டி, உள்ளே எடுத்துத் தைத்திருந்தது. மஞ்சுளாவின் இடுப்புக்குச் சரியாக. முதுகுப் பகுதியில் பட்டை நுழைய இரண்டு துளைகள். தலைக்கு ஒரு பள்ளம். அந்த இத்தாலித் தொழிலாளியின் தையலை முழுக்கப் பிரித்துவிட்டு, வேறொரு கை தைத்த தையல் அது.

அவர் எழுந்திருக்கவில்லை. விரலால் அந்தத் தையலைத் தடவிக்கொண்டே இருந்தார். மஞ்சுளா வலது கையை நீட்டி அவருடைய டார்ச்சைப் பிடித்தாள். விட்டுவிட்டார். அவள் அதை மேலே திருப்பி, பட்டப்பகலில் புளிய இலைகளுக்கு வெளிச்சம் காட்டினாள்.

கீழே வந்ததும் அந்தம்மாவிடம் கேட்டார்.

"எப்ப வெட்டினீங்க மேடம்?"

"கொண்டுபோன அன்னிக்கே."

"நான் சொன்னது ஞாபகம் இல்லையா?"

"இருந்துச்சே. பாதி மதிப்பு இதுலதான் இருக்குன்னீங்க."

"ஒரு வார்த்தை எனக்கு போன் பண்ணியிருந்தா அன்னிக்கே அந்த சேரை வாங்கிக் குடுத்திருப்பேனே."

அந்தம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அது வந்து சேர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு கூரையைப் பாத்துக்கினு இருக்கணுமா தம்பி? ஆறு வருஷமாப் பாத்துட்டா."

சென்னைக்காரர் அதற்குப் பிறகு விலை பேசவில்லை. பாதிக்கும் குறைவான விலைக்குத்தான் வண்டியை வாங்கிக்கொண்டார். தைத்தது யார் என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றார் அந்தம்மா. நல்ல தையல் என்றார் அவர். டார்ச்சைத் திரும்பக் கேட்கவில்லை.

அந்தப் பணத்தில் அந்தம்மா முழங்காலுக்கு அறுவை செய்துகொண்டு, ஆரணியில் தங்கையோடு போய் இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேருந்து மாறி மாறி மலைக்கு வருவார். கையில் ஊசியும் நூலும் இருக்கும். மஞ்சுளா வளர்ந்துகொண்டிருந்தாள். சீட்டை அவளுக்கேற்ற மாதிரி விரித்துவிட வேண்டும். புது முழங்காலோடு அந்த ஒற்றையடிப் பாதையில் நின்று நின்று ஏறுவார். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்ததா என்று கேட்டால், "ஜன்னல் கெடக்குது, சீட்டுதான் கோணல்" என்பார்.

போன ஆடி மாதம் அவருடைய தங்கை போன் செய்தார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்.

ஆரணிக்குப் போய்வந்த மறுநாள், விஷயத்தைச் சொல்ல மஞ்சுளாவின் வீட்டுக்குப் போனேன். சொன்னேன். மஞ்சுளாவின் அம்மா உடைத்துக்கொண்டிருந்த புளியைத் தள்ளி வைத்தாள். மஞ்சுளா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இப்போது பத்து முடிந்துவிட்டது. பக்கத்துத் தோல் இடுப்பை இறுக்குவது எனக்கே தெரிந்தது.

"இனிமே இதை யாரு பிரிச்சுத் தைப்பாங்க?" என்றேன். அதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன்.

"நாந்தான் டீச்சரம்மா" என்றாள் அவள் அம்மா.

சீட்டுக்குப் பின்னால் போய், ஓரத்து மடிப்பை விரலால் விரித்துக் காட்டினாள். உள்ளே மிச்சம் விட்டு மடித்திருந்த தோல் ஓர் அங்குலத்துக்கும் மேல் இருந்தது. அதில் வரிசை வரிசையாக ஊசித் துளைகள், ஏற்கெனவே குத்தியவை. எண்ணிப் பார்த்தேன். இன்னும் ஐந்து வரிசை இருந்தது.

"போன தபா வந்தப்ப குத்தினாங்க. ஒரு வரிசையைப் பிரிச்சுட்டு அடுத்த ஓட்டையில நூலை வுட்டா போதும்னாங்க. பதினஞ்சு வயசு வரைக்கும் போதுமாம். என்னைத் தைக்க வெச்சு, ரெண்டு தபா அவுத்துட்டு, மூணாவது தபாதான் வுட்டாங்க."

மகளைத் தூக்கி என் மடியில் கிடத்திவிட்டு, புளி உடைக்கும் கத்தியின் நுனியால் பழைய நூலை ஒவ்வொரு கண்ணாக அறுத்தாள். தோல் மெல்லத் தளர்ந்தது. அவசரப்படாமல் அடுத்த வரிசையில் நூலை ஓட்டினாள். மரத்தடி நிழல் நகர்ந்து வீட்டுச் சுவரைத் தொடும்வரை அந்த வேலை நடந்தது. முடிந்ததும் நானும் அவளுமாக மஞ்சுளாவைத் தூக்கி உள்ளே வைத்தோம்.

மஞ்சுளா ஒருமுறை அசைந்துகொடுத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.